திருச்சபைத் தலைவர்கள் சண்டையிட்டபோது நம் மக்கள் எங்கே இருந்தார்கள்?

"சபைக்குள் ஒற்றுமை வேண்டும், சாதிப் பேச்சை எடுக்காதீர்கள்" என்று இன்றும் நமக்கு அறிவுரை சொல்கிறார்கள். இந்த அறிவுரைக்கு இருநூறு வயது ஆகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் மறு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணமும் வெள்ளாளருக்கே முதலில் போனது. இதை என்ன செய்வது என்பதில் தலைவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 1826இல் தெற்கே வந்த பேராயர் ஹீபர், சாதியைச் சமூக வழக்கமாகப் பார்த்து விட்டுக்கொடுக்கும் மனநிலையில் இருந்தார். அவருக்குப் பின் வந்த பேராயர் டேனியல் வில்சனோ 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார்: சாதியை உடனே, முற்றாக விட வேண்டும்.

எதிர்ப்பு கிளம்பியது. தஞ்சையில் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே அதன் முன்னணியில் நின்றார். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னாளில் சாதி விஷயத்தில் மென்மையாக நடந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் அவர்களில் பலருக்குப் புகலிடமானது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. லைப்சிக் மிஷனரிகள் அதில் சேரவில்லை. அவர்களின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி மெல்ல மெல்லத் தானாக மறையும் என்று வாதிட்டார். அதே மிஷனிலிருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்க மறுத்து விலகினார். மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கி, பிறகு டேனிஷ் மிஷனில் இணைந்தார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, 'மெல்ல மெல்ல' என்றவர்கள் யாருடைய பொறுமையைச் செலவழித்தார்கள்? பின்வரிசையில் உட்கார்ந்தவர்களின் பொறுமையை. வெளியேறுவோம் என்று மிரட்டியவர்களுக்குச் சலுகை கிடைத்தது. அமைதியாக இருந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இரண்டு, வில்சனின் உத்தரவு நியாயமானதுதான். ஆனால் அதுவும் மேலிருந்து வந்தது. ஆலய இருக்கையை மாற்றச் சொன்னது, நிலமும் அதிகாரமும் யார் கையில் என்பதைத் தொடவில்லை. அதனால்தான் உத்தரவு போட்டவர் போனதும் பழைய வழக்கம் பல இடங்களில் திரும்பி வந்தது.

2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டபோதும் தாக்குதல்தான் பதிலாக வந்தது. தனிக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன.

தோழர்களே, தலைவர்கள் முரண்படுவது கெட்டதல்ல. ஓக்ஸ் முரண்பட்டதால்தான் ஒரு மாற்று வழி உருவானது. ஆகவே அடுத்த முறை சமரசக் கூட்டத்துக்கு நம்மை அழைத்தால் முதலில் கேட்போம்: பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் இந்த மேசையில் இருக்கிறார்கள்? முடிவெடுக்கும் வாக்கு அவர்களுக்கு உண்டா? இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.