தொல்விலங்கு வேட்டைப் புனைகதைகளில் தமிழ்ச் சுவடுகள்: லாச்சப்பல் முதல் கல்லமேடு வரை

பாரிசு மாநகரின் இரண்டாம் எண் மெட்ரோ, லாச்சப்பலுக்கும் ஸ்டாலின்கிராடுக்கும் இடையே நிலத்தடியில் செல்வதில்லை. தூண்கள் தாங்கும் மேம்பாலத்தின் மீது ஓடுகிறது. மேற்கே மோன்மார்த்ர் குன்று. கிழக்கே பூட் ஷோமோன் பூங்கா. இரண்டும் ஜிப்சம் வெட்டியெடுக்கப்பட்ட இடங்கள். இவற்றுக்கு இடைப்பட்ட ஃபோபூர் சென்தெனி, கை, பெர்தொனே முதலிய தெருக்களில், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்களின் மளிகைக் கடைகளும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுடன் நிற்கின்றன. ஸ்டாலின்கிராட் என்னும் பெயரே 1946இல் ஒரு போரின் நினைவாக இடப்பட்டது. புலம்பெயர் வாழ்வு பற்றிய ஆய்வுகளில் பலமுறை பேசப்பட்ட இப்பகுதிக்கு, இதுவரை அதிகம் கவனிக்கப்படாத வேறொரு வரலாற்றிலும் இடமுண்டு. காலத்தைக் கடந்து சென்று தொல்விலங்குகளை வேட்டையாடும் அறிவியல் புனைகதைகளின் வரலாறு அது.

அவ்வகைக் கதைகளின் பிறப்பிடமாக 1950களின் அமெரிக்க இதழ்களைக் காட்டுவது வழக்கம். இயந்திரம் அங்கே பிறந்தது என்பதளவில் அது சரி. ஆயினும், காலப்பயண வேட்டைக்காரன் தோன்றுவதற்கு இயந்திரம் மட்டும் போதாது. விலங்கினம் ஒன்று முற்றிலும் அழிந்துபோகக் கூடும் என்ற கருத்து முதலில் வேண்டும். இல்லையேல் அதனைத் தேடிப் பழங்காலத்திற்குச் செல்லும் தேவையே எழாது. அடுத்து, பணம் கொடுத்து வழிகாட்டி அமர்த்தி வேட்டையாடும் வழக்கம் வேண்டும். இவ்விரண்டிலும் தமிழர் வாழ்ந்த நிலங்கள் பங்கு கொண்டுள்ளன. இயந்திரம் வந்த பின்னரும் ஒரு தமிழ்ப்பெயர் அதில் ஏறிக்கொண்டது.

இலங்கை யானையின் மண்டையோடு

1796ஆம் ஆண்டு ஏப்ரலில், இருபத்தாறு வயதான ஜார்ஜ் குவியே பாரிசின் தேசியக் கழகத்தில் யானைகளைப் பற்றி ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். அவர் ஒப்பிட்ட மண்டையோடுகளுள் ஒன்று இலங்கையிலிருந்தும் மற்றொன்று நன்னம்பிக்கை முனையிலிருந்தும் வந்தவை. ஒல்லாந்து ஆட்சியாளரின் சேகரிப்பில் இருந்த அவற்றை, 1795இல் அந்நாட்டினுள் புகுந்த பிரெஞ்சுப் படை போர்க்கொள்ளையாகப் பாரிசுக்குக் கொண்டுவந்தது. ஆசிய யானையும் ஆப்பிரிக்க யானையும் வெவ்வேறு இனங்கள் என்றும், சைபீரியாவில் எலும்பாகக் கிடைக்கும் மாமூத் இவ்விரண்டிலும் சேராத தனியினம் என்றும், அது இன்று உலகில் இல்லை என்றும் குவியே நிறுவினார். அதுவரை, எந்த இனமும் முற்றாக அழியாது, மாமூத் எங்கோ உயிரோடு திரிகிறது என்று கருதிய அறிஞர் பலர். அமெரிக்காவின் தாமஸ் ஜெபர்சன் அவர்களுள் ஒருவர்.

இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் யானை வணிகம் அவர்களின் பெருவருவாய்களுள் ஒன்று. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நடத்திவரப்பட்டு, தென்னிந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயருக்கு அவ்வணிகமே உரை. அதே ஒல்லாந்துக் கொள்ளையின் தொடர்ச்சியாக, இலங்கையில் பிறந்த ஹான்ஸ், பார்க்கி என்னும் இரண்டு உயிருள்ள யானைகளும் 1798இல் பாரிசின் தாவரத் தோட்டத்தை அடைந்தன. அவற்றுக்கென ஓர் இசைக் கச்சேரியும் நிகழ்த்தப்பட்டது. ஆக, யாழ்ப்பாணத்தவர் லாச்சப்பலுக்கு வருவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இலங்கை யானை பாரிசுக்கு வந்து, ‘அழிந்த இனம்’ என்னும் கருத்திற்குச் சான்று கூறிவிட்டது. அறிவியல் வரலாற்று நூல்கள் குவியேயின் பெயரைச் சொல்லும் அளவிற்கு அம்மண்டையோட்டின் ஊரைச் சொல்வதில்லை.

குவியே அடுத்துத் தோண்டியது மோன்மார்த்ர் ஜிப்சத்தை. சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்து தந்த எலும்புகளிலிருந்து பேலியோதீரியம், அனோப்ளோதீரியம் முதலிய விலங்குகளை அவர் உருவமைத்தார். அதே சுரங்கங்களின் ஜிப்சத்தைச் சுட்டுப் பெறும் தூளுக்கே ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ என்று பெயர். விநாயகர் சதுர்த்திதோறும் தமிழகத்து நீர்நிலைகளைப் பற்றிய வழக்குகளில் இடம்பெறும் அச்சொல்லின் ஊர், 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் உலா வரும் தெருக்களுக்கு அருகிலேயே இருக்கிறது.

எலும்பிலிருந்து கதைக்குச் செல்ல நெடுநாள் ஆகவில்லை. தாவரவியலாளர் பியேர் புவத்தார் எழுதிய ‘மனிதருக்கு முந்தைய பாரிசு’ என்னும் நூல், அவர் மறைந்து ஈராண்டு கழித்து 1861இல் வெளிவந்தது. அதில் நொண்டிப் பேயொன்று கதைசொல்லியைத் தொல்காலத்திற்கு அழைத்துச் செல்கிறது. எச்.ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’ 1895இல்தான் வந்தது. இயந்திரம் இல்லாத இடத்தில் பேய் பயன்பட்டது என்பதன்றி, பயணத்தின் திசையில் புவத்தாரே பின்வந்த வேட்டைக் கதைகளுக்கு நெருக்கமானவர். வெல்ஸின் பயணி எதிர்காலத்தை நோக்கிச் சென்றவன்.

1952

வேட்டை இக்கதைகளுக்குள் நுழைந்த தடத்தைப் பார்க்க 1952ஆம் ஆண்டு மிக ஏற்றது. அவ்வாண்டு மூன்று நிகழ்வுகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தன.

முதலாவது இந்தியாவில். 1947இல் கொரியா சமஸ்தானத்தின் அரசர் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். இந்தியாவில் எஞ்சியிருந்தவற்றுள் கடைசியானவையாக அவை கருதப்படுகின்றன. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. குவியே எலும்பைக் கொண்டு நிறுவியதை, அரசர்களின் துப்பாக்கிகள் ஒரு நாட்டின் எல்லைக்குள் செய்து காட்டிவிட்டன.

இரண்டாவது, ‘காலியர்ஸ்’ இதழின் ஜூன் வெளியீட்டில் வந்த ரே பிராட்பரியின் ‘எ சவுண்ட் ஆஃப் தண்டர்’ என்னும் சிறுகதை. 2055ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் பத்தாயிரம் டாலர் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளரை டைனோசர் வேட்டைக்கு அழைத்துச் செல்கிறது. சில நிமிடங்களில் மரம் விழுந்து தானே இறக்கவிருக்கும் விலங்கையே சுடலாம். அதன்மேல் முன்கூட்டியே சிவப்புச் சாயம் பூசி அடையாளம் இட்டிருப்பார்கள். மிதக்கும் பாதையை விட்டு இறங்கக் கூடாது. அஞ்சி ஓடும் எக்கல்ஸ் பாதையை விட்டு இறங்கி ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிடுகிறான். திரும்பி வந்தபின், வரலாறு மாறிவிட்டதை அவனுக்குக் கண்முன் காட்டுவது நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் மாறியிருக்கும் எழுத்துக்கூட்டல். தேர்தல் முடிவு மாறியதை அதன் பின்னரே அறிகிறான். எழுத்துச் சீர்திருத்தம் பற்றி மாநாடுகள்தோறும் வாதிட்டுவரும் ஒரு மொழிச் சமூகம் இக்கதையை வாசிக்கையில், வண்ணத்துப்பூச்சியை விட இந்தப் பலகையே நெஞ்சில் தங்கக்கூடும்.

மூன்றாவது நிகழ்வு சேலத்தைச் சார்ந்தது. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்துடன் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்னும் படத்தைத் தயாரித்தது. தமிழில் அதன் பெயர் ‘காடு’. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகர்களுடன் எம்.என். நம்பியாரும் அதில் நடித்தார். யானைக் கூட்டங்கள் எதற்கோ அஞ்சி மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் அறிய ஒரு வேட்டைக்குழு காட்டினுள் செல்கிறது. அங்கே எதிர்ப்படுபவை மாமூத்துகள்.

இது காலப்பயணக் கதை அன்று. ஆனால் தொல்விலங்கை மனிதன் சந்திக்க வேண்டுமாயின் இரு வழிகளே உண்டு: மனிதன் பின்னோக்கிச் செல்ல வேண்டும், அல்லது விலங்கு அழியாமல் எங்கோ எஞ்சியிருக்க வேண்டும். ஆர்தர் கோனன் டாயில் 1912இல் ‘தொலைந்த உலகம்’ நாவலில் இரண்டாம் வழியைக் கொண்டார். ‘காடு’ம் அவ்வழியே சென்றது. ஜெபர்சனின் நம்பிக்கை சேலத்துப் படநிறுவனத்தின் துணையோடு திரைக்கு வந்தது எனலாம். படத்தின் மாமூத்துகள், செயற்கை மயிர் போர்த்தப்பட்ட இந்திய யானைகளே. மாமூத் வேறு, ஆசிய யானை வேறு எனப் பிரித்துக் காட்ட 1796இல் பாரிசில் இலங்கை யானை பயன்பட்டது. அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றாக்கத் தமிழ்த் திரையுலகுக்குச் சிறிது மயிர் போதுமானதாயிற்று. கம்பளி மாமூத் தென்னிந்தியாவில் வாழ்ந்ததே இல்லை. நகைப்புக்கு இடமளிக்கும் படம் என்பதில் ஐயமில்லை. எனினும், தொல்விலங்கு வேட்டையைப் பொருளாகக் கொண்ட திரைக்கதைகளின் உலகப் பட்டியலில் 1952இலேயே ஒரு தமிழ்த் தயாரிப்பு இடம்பெற்றிருப்பதைத் தமிழ் அறிவியல் புனைவின் வரலாறுகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. அவ்வரலாறுகள் அச்சு நூல்களையே நோக்கியமை ஒரு காரணம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சனின் முதல் வேட்டை நூல் லண்டனில் வெளியாயிற்று. அன்றைய சேலம் மாவட்டத்தின் ஜவளகிரிக் காடு அதில் களம். தடம் அறிந்து முன்னே செல்பவன் பைரா என்னும் பூசாரி. துப்பாக்கியும் பேனாவும் ஆண்டர்சனிடம். இந்த வேலைப்பிரிவினை அப்படியே காலப்பயணக் கதைகளுக்குள் சென்றது.

சந்திரா ஐயர்

1956ஆம் ஆண்டு மார்ச் மாத ‘கேலக்சி’ இதழில் எல். ஸ்ப்ரேக் டி கேம்ப் எழுதிய ‘எ கன் ஃபார் டைனோசர்’ வெளிவந்தது. அதில் வரும் வேட்டை நிறுவனத்தின் பெயர் ‘ரிவர்ஸ் அண்டு ஐயர்’. ரெஜினால்டு ரிவர்ஸ் கதையைச் சொல்பவர். அவருடைய பங்காளி சந்திரா ஐயர். ஜன்பூர் என்னும் சமஸ்தானத்தின் பரம்பரை அரசர் என்பதால் ‘ராஜா’ என அழைக்கப்படுகிறார். ரிவர்ஸின் அலுவலகச் சுவரில், கொல்லப்பட்ட வாட்பல் பூனையின் மீது கால் வைத்தபடி அவர் நிற்கும் படம் தொங்குகிறது.

பெயரை நோக்கினால் புனைவின் தையல் தெரிகிறது. ஐயர் என்பது தமிழ்ப் பிராமணர் பெயர். இந்தியச் சமஸ்தானங்களுள் ஐயர் மரபொன்று ஆண்டதில்லை. அரண்மனையில் ஐயருக்கு உரிய இடம் திவான் பதவியே. திருவிதாங்கூரில் 1936 முதல் 1947 வரை சர் சி.பி. இராமசாமி ஐயர் வகித்தது அதுவே. வடநாட்டு ஒலியுடைய ஊருக்குத் தென்னாட்டுப் பெயருடைய அரசரை அமெரிக்க எழுத்தாளர் அமர்த்தினார். இதனைப் பிழை என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும், அந்நாளைய அமெரிக்க அறிவியல் புனைவில் இந்தியர் ஒருவர் பணியாளாகவோ மாயவித்தைக்காரராகவோ அன்றி நிறுவனத்தின் பெயர்ப்பலகையிலேயே பங்காளியாக நிற்பது அரிது. ஐயருக்குத் துப்பாக்கி உண்டு, பங்கு உண்டு, படமும் உண்டு. கதைசொல்லும் உரிமை மட்டும் ரிவர்ஸிடமே தங்கிவிட்டது. 1993இல் ஒன்பது கதைகள் ‘ரிவர்ஸ் ஆஃப் டைம்’ எனத் தொகுக்கப்பட்டபோதும் நூலின் தலைப்பில் ஒரு பங்காளியின் பெயரே இருந்தது.

பிராட்பரிக்கும் டி கேம்புக்கும் இடையே கருத்து வேறுபாடு ஒன்றுண்டு. பிராட்பரியின் கடந்தகாலம் எளிதில் உடைவது. டி கேம்பின் கதையில், செல்வச் செருக்குடைய கோர்ட்னி ஜேம்ஸ் உறங்கும் டைரனோசரை எழுப்பிவிடுகிறான். அவனைக் காக்க முயன்ற மெலிந்த உடலினரான ஹோல்ட்சிங்கர் உயிரிழக்கிறார். பழிதீர்க்க ஜேம்ஸ் முந்திய நாளுக்கே திரும்பிச் சென்று வழிகாட்டிகளைச் சுட முனைகையில், காலம் அவனை நிகழ்காலத்திற்கு வீசியெறிந்து கொல்கிறது. நடந்ததை மாற்ற இயலாது. மாற்ற முனைபவனே நொறுங்குவான். தாயகத்தில் நடந்தவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணி வாழும் லாச்சப்பல் போன்றதொரு குடியிருப்பில், இவ்விரு கொள்கைகளுள் எது வாசகருக்கு ஆறுதல் அளிக்கும் என்பது எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று.

கல்லமேட்டு எலும்பு

புனைவில் வந்த ஐயர் அமெரிக்காவிலிருந்து தொல்காலத்திற்குச் சென்றார். தமிழ் மண்ணின் தொல்விலங்குகளைத் தேடிய உண்மைத் தமிழர்கள் நிலவியலாளர்கள். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் பாறைகளைப் பற்றி எச்.எப். பிளான்போர்டு எழுதிய அறிக்கை 1862இல் வெளிவந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் ஆராய்ந்து 1987இல் ‘புருகத்காயோசாரஸ்’ எனப் பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர் நீளமுடையதாகக் குறிக்கப்பட்டது. முதலில் ஊனுண்ணி என வகைப்படுத்தப்பட்ட இவ்விலங்கு, பின்னர் நீள்கழுத்துடைய தாவர உண்ணியாகக் கொள்ளப்பட்டது. அதன் எடை நூறு டன்னைக் கடக்கும் எனச் சிலர் கணக்கிட்டுள்ளனர், அக்கணக்கு விவாதத்திற்குரியது.

விவாதம் தீராமைக்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க எலும்பே இல்லாமை. எளிதில் உதிரும் இயல்புடைய அவ்வெலும்புகள் சிதைந்து மண்ணாயின. 2022இல் பால், அய்யாசாமி ஆகிய இருவரும் காவிரிப் படுகையின் தொலைந்த பேருயிர் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டு, எஞ்சியிருந்த பழைய ஒளிப்படங்களை அதில் சேர்த்தனர். பாரிசின் அருங்காட்சியகத்தில் மோன்மார்த்ர் எலும்புகள் இன்றும் கண்ணாடிப் பேழைகளுள் உள்ளன. கல்லமேட்டுப் பேருடலுக்கு எஞ்சியவை கோட்டுப்படங்களும் அந்த ஒளிப்படங்களுமே.