கொலராடோ கறையும் பல்லின் காப்பும்

பல் சொத்தையாவதற்குக் காரணம் அதற்குள் புகுந்து குடையும் புழுவே என்னும் நம்பிக்கை மனித குலத்தின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. பாபிலோனியர் அந்தப் புழு பிறந்த கதையையே மந்திரமாக்கிக் களிமண் பலகையில் எழுதிவைத்தார்கள். நம் கிராமங்களிலோ, கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அதன் புகையை வாயில் பிடித்துப் பூச்சியை வெளியேற்ற முயன்ற பாட்டிமார் அண்மைக் காலம் வரை இருந்தார்கள். பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த வில்லோபி மில்லர் என்னும் அமெரிக்கர் 1890-இல் தம் நூலை வெளியிட்ட பிறகுதான், வாயில் எப்போதும் வாசம் செய்யும் கிருமிகள் பல்லிடுக்கில் தங்கிய மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன என்பதும், அந்த அமிலமே பல்லின் மேற்புறமான எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது என்பதும் தெளிவாயின. ஆயினும் காரணம் தெரிந்த மாத்திரத்தில் பரிகாரம் கிடைத்துவிடவில்லை. கிருமிகளை வாயிலிருந்து அடியோடு ஒழிக்கவும் முடியாது. இனிப்பை மனிதர் கைவிடப் போவதும் இல்லை. பரிகாரத்திற்கான வழி, சொத்தையைப் பற்றி எவரும் கேள்வி கேளாத ஓர் ஊரில், முற்றிலும் வேறொரு கவலையின் மூலமாகத் திறந்தது.

1901-ஆம் ஆண்டில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் தந்த வைத்தியம் பயின்று வெளிவந்த பிரெடெரிக் மெக்கே என்னும் வாலிபர், ராக்கி மலைச் சாரலிலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் நடத்த வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில், சிலருக்குச் சாக்லேட் நிறத்தில், எவ்வளவு தேய்த்தாலும் நீங்காத கறை படர்ந்திருக்கக் கண்டார். ஊரார் அதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள்: பன்றியிறைச்சியை மிகுதியாகத் தின்பது, மட்டமான பால், சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீர். வைத்திய நூல்கள் ஒன்றும் சொல்லவில்லை. மெக்கே விட்டுவிடவில்லை. அக்காலத்து அமெரிக்கத் தந்த வைத்தியர்களுள் தலைசிறந்தவராகிய சிகாகோவின் ஜி. வி. பிளாக்குக்கு எழுதினார். இவ்வளவு பரவலான ஒரு குறை எந்த நூலிலும் இடம்பெறாமல் இருக்க முடியுமா என்று முதலில் நம்ப மறுத்த அந்தப் பெரியவர், உள்ளூரில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு இக்கறை உண்டு என்று கணக்கெடுப்பில் தெரிந்ததை அறிந்து, 1909-இல் தாமே நேரில் வந்து பார்த்தார். 1915-இல் காலமாகும் வரை இவ்விஷயத்தை ஆராய்ந்தார்.

இருவரும் சேர்ந்து கண்டவை இரண்டு. எனாமல் உருவாகிற இளம் பருவத்திலேயே இக்கறை உண்டாகிறது. நிரந்தரப் பற்கள் நன்கு அமைந்த பிறகு ஊருக்கு வந்தவர்களை அது தொடுவதில்லை. இரண்டாவதுதான் வியப்புக்குரியது: காண்பதற்கு விகாரமான அந்தப் பற்களில் சொத்தை மிகக் குறைவு. கறையைப் போக்க வந்த மனிதர் இந்த உண்மையை வேண்டாத சங்கதி என்று ஒதுக்கிவிடாமல் எழுதிவைத்தாரே, அதற்காகவே உலகத்துக் குழந்தைகள் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தண்ணீரின்மீது சந்தேகம் உறுதிப்பட்டது 1923-இல். ஐடஹோ மாகாணத்தில் ஓக்லி என்னும் சிற்றூரின் தாய்மார், ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவந்த பின்பே தங்கள் குழந்தைகளின் பற்கள் கறைபடலாயின என்று மெக்கேயிடம் சொன்னார்கள். அவர் அந்நீரைப் பரிசோதித்துப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் அகப்படவில்லை. இருந்தும் அத்தாய்மாரின் சொல்லை நம்பி, அக்குழாயைக் கைவிட்டு வேறோர் ஊற்றின் நீரைக் குடிக்கும்படி ஊராருக்கு ஆலோசனை கூறினார். அவ்வாறே செய்தார்கள். சில ஆண்டுகளில், புதிதாக முளைத்த பற்கள் மாசின்றி வெளிவந்தன.

நீரிலுள்ள எது கறையை உண்டாக்குகிறது என்னும் எஞ்சியிருந்த கேள்விக்கு விடை, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆர்க்கன்சாவில் அலுமினியக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான பாக்சைட் என்னும் ஊரிலும் இதே கறை இருந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பது விஷம் என்று அப்போது சிலர் பிரசாரம் செய்துகொண்டிருந்தபடியால், பழி தங்கள் உலோகத்தின்மேல் விழுமோ என்று அஞ்சிய அக்கம்பெனியின் தலைமை ரசாயனியான சர்ச்சில், வழக்கமான சோதனைகளோடு நில்லாமல் ஒளிப்பகுப்பு முறையினால் அவ்வூர் நீரை ஆராயச் செய்தார். அதில் எவரும் தேட நினையாத புளூரைடு, பத்து லட்சம் பங்கு நீருக்கு 13.7 பங்கு வீதம் கலந்திருந்தது. 1931 ஜனவரியில் அவர் மெக்கேக்கு எழுதி, கறையுள்ள மற்ற ஊர்களின் நீரையும் தருவித்துச் சோதித்தார். அங்கும் அதுவே மிகுந்திருந்தது. கொலராடோவுக்கு வந்து முப்பது ஆண்டுகளான பின், மெக்கேயின் தேடல் நிறைவுற்றது.

இனி அளவுதான் பிரச்சினை. அமெரிக்கச் சுகாதார இலாகாவைச் சேர்ந்த டிரெண்ட்லி டீன், 21 நகரங்களில் 7,257 குழந்தைகளின் வாயைப் பார்த்து, பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு அளவில் புளூரைடு இருந்தால் விகாரமான கறை விழுவதில்லை என்றும், சொத்தையோ வெகுவாகக் குறைகிறது என்றும் நிறுவினார். 1945 ஜனவரி 25-இல் மிச்சிகனிலுள்ள கிராண்ட் ராபிட்ஸ், குடிநீரில் அந்த அளவுக்குப் புளூரைடு சேர்த்த முதல் நகரமாயிற்று. பதினோர் ஆண்டுகளுக்குப் பின், அங்கு அதன் பிறகு பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஒப்புநோக்குவதற்காகப் புளூரைடு சேர்க்காமல் வைத்திருந்த மஸ்கீகன் நகரத்தார், முடிவுக்குக் காத்திராமல் 1951-இலேயே தங்களுக்கும் வேண்டுமென்று பெற்றுக்கொண்டார்கள்.

புளூரைடு பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பிலேயே வேலை செய்கிறது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியின் முடிவு. அமிலம் அரித்த இடத்தில், உமிழ்நீரிலுள்ள சுண்ணமும் பாஸ்பேட்டும் மீளப் படிவதற்கு அது துணை செய்து, முன்னினும் எளிதில் கரையாத எனாமலை உண்டாக்குகிறது. ஆகவேதான் தண்ணீரில் கலவாத தேசங்களிலும் பற்பசையின் மூலமாக அப்பயன் கிட்டுகிறது. ஆனால் இந்த மீட்சிக்கு அவகாசம் வேண்டும். இனிப்பு உண்ட சில நிமிஷங்களில் பல்லின்மேல் எழும் அமிலம் தணிய அரைமணி முதல் ஒருமணி வரை ஆகும். அதற்குள் மறுபடியும் ஒரு மிட்டாய், மறுபடியும் சர்க்கரை போட்ட காபி என்று சென்றால் எந்தப் பசையும் காப்பாற்றாது. ஸ்வீடனில், விப்பேஹோல்ம் என்னும் மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இருந்தவர்களைக் கொண்டு, அவர்கள் சம்மதமின்றியே, 1940-களில் தொடங்கிச் செய்த கொடிய பரிசோதனை காட்டியதும் இதுவே: சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையைவிட, இடைவேளைகளில் மென்ற ஒட்டும் மிட்டாய் மிக அதிகமாகப் பற்களைக் கெடுத்தது.

நம் நாட்டுக் கதை வேறு. இங்கே பல இடங்களில் நீரில் புளூரைடு சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பூமியே மிதமிஞ்சிக் கொடுத்துவிடுகிறது. சென்னை ராஜதானியில், நெல்லூர் ஜில்லாவின் கிராமங்களில், பற்கள் கறுத்ததோடு முதுகெலும்பும் இறுகிக் குனியவும் நிமிரவும் இயலாமற்போன குடியானவர்களைப் பற்றி ஹெச். இ. ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் 1937-இல் எழுதினார்கள். குற்றவாளி கிணற்று நீரிலிருந்த புளூரைடே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைகளின் ஆழத்திலிருந்து இறைத்த நீரும் அநேக குழந்தைகளின் பற்களில் இக்கறையை ஏற்றியது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தினால் காவிரி நீர் அவ்வூர்களுக்கு வரலாயிற்று. முன்பே கறை விழுந்த பல்லை அந்நீர் வெளுக்கச் செய்யாது. நிரந்தரப் பற்களுக்கு எனாமல் அமைந்து முடிய ஏறத்தாழ எட்டு வயதாகுமாதலால், நீர் மாறியதன் முழுப் பலனையும் அதன்பின் பிறந்த குழந்தைகளின் வாயிலேதான் பார்க்க முடியும்.