ரஷ்யத் திருச்சபையும் அதன் கலைஞர்களும்

கலைகள் திருச்சபையின் பணிமகளிர் என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்பணிமகளிர் வீட்டை விட்டு வெளியேறினால் என்ன நேரிடும் என்று நாம் அதிகம் சிந்திப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யாவில் நேரிட்டது ஏறக்குறைய அதுவே. சைக்கோவ்ஸ்கி, ராக்மனினோவ் ஆகிய இசைமேதைகளையும், டாஸ்டாயெவ்ஸ்கி, டால்ஸ்டாய், செக்காவ் ஆகிய எழுத்தாளர்களையும் உலகம் கலைச்செல்வர்களாகப் போற்றுகின்றது. இவர்களைத் திருச்சபை வரலாற்றின் ஓர் அதிகாரமாகவும் படிக்கவேண்டும் என்பது நம் கருத்து.

ஆர்த்தடாக்ஸ் ஆராதனையில் இசைக்கருவிக்கு இடமில்லை. மனிதக் குரல் ஒன்றே அங்கு ஒலிக்கத் தகும். ஆகவே பாடகர் குழு எதைப் பாடலாம், எதைப் பாடலாகாது என்பது பெரிய காரியமாயிற்று. பேரரசரின் அவைப் பாடகர் மன்றத் தலைவரின் ஒப்புதல் இன்றிப் புதிய இசை எதுவும் ஆலயத்தில் பாடப்படக்கூடாது என்று 1816-ல் கட்டளை பிறந்தது. அப்போது தலைவராயிருந்தவர் போர்ட்னியான்ஸ்கி. இத்தாலியில் பயின்ற இவர் இனிய இசை பல இயற்றினார். (இவருடைய இராகம் ஒன்றை ஜெர்மானிய பக்தர் தெர்ஸ்டேகனின் ஞானப்பாட்டோடு 1820-களில் இணைத்து வழங்கியவர், பீட்டர்ஸ்பர்க்கில் சில ஆண்டுகள் ஊழியம் செய்த கோஸ்னர். அவர் பிற்காலத்தில் அனுப்பிய மிஷனெரிமாரே 1845-ல் ராஞ்சி வந்து சோட்டாநாக்பூர்த் திருச்சபைக்கு அடிகோலினர்.) நல்லவர் கையில் இருந்தவரை அக்கட்டளையின் தீமை வெளிப்படவில்லை. அவருக்குப் பின் வந்தோர் கையில் அது பூட்டாக மாறிற்று.

1878-ல் சைக்கோவ்ஸ்கி, யோவான் கிறிசோஸ்தமின் பெயரால் வழங்கும் திருவிருந்து ஆராதனை முறைக்கு இசை அமைத்தார். கோட்பாடுகளில் அவருக்கு உறுதி குன்றியிருந்தது. எனினும் அவ்வாராதனையைக் கலைப்படைப்புகளுள் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாகக் கருதுவதாகத் தம் ஆதரவாளராகிய ஓர் அம்மையாருக்கு அவர் எழுதியிருந்தார். யூர்கென்சன் என்னும் பதிப்பாளர் இந்நூலை அச்சிட்டபோது, அவைப் பாடகர் மன்றத்தின் தலைவராயிருந்த பக்மெத்தெவ் பிரதிகளைப் பறிமுதல் செய்வித்தார். மன்றத்தின் ஒப்புதல் பெறவில்லை என்பதே குற்றச்சாட்டு. யூர்கென்சன் வழக்காடி வெற்றி பெற்றார். திருச்சபை இசையை அச்சிட்டு வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை மன்றத்திற்கு இல்லை என்றாயிற்று.

இத்தீர்ப்பின் விளைவு விந்தையானது. ஆலயத்தில் எது பாடத்தக்கது என்பது இன்னும் அதிகாரிகளின் கையிலேயே இருந்தது. அரங்கின் கதவோ திறந்துவிட்டது. 1880-ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்கோவில் பொது இசைநிகழ்ச்சியாக இவ்வாராதனை பாடப்பட்டது. மக்கள் கைதட்டினர். மாஸ்கோவின் துணைப்பேராயர் அம்புரோசியுஸ் இதைக் கண்டித்துச் செய்தித்தாளில் எழுதினார். திருவிருந்தின் சொற்கள் இசைஞரின் திறமைக்குக் கருப்பொருளாகிவிட்டன என்பது அவர் குறை. அவர் கூற்றை முற்றிலும் தள்ளிவிட நமக்கு மனமில்லை. ஆராதனை என்பது கேட்டு மகிழ்வதற்கு அன்று. ஆனால் ஆலயத்தில் இடங்கொடாமல் அரங்கிற்குத் துரத்திவிட்டு, அரங்கிலே ஏன் நிற்கிறாய் என்று வினவுவது என்ன நியாயம்?

எழுத்தாளரின் அனுபவமும் இதற்கு வேறுபட்டதன்று. டாஸ்டாயெவ்ஸ்கி 1849-ல் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் உயிர்ப்பிச்சை பெற்றுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். வழியில் தொபோல்ஸ்க் நகரில், நாடுகடத்தப்பட்ட கணவரைப் பின்தொடர்ந்து வந்து வாழ்ந்த பெண்கள் அவருக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொடுத்தனர். ஓம்ஸ்க் சிறையில் கழிந்த நான்கு ஆண்டுகளும், 1881-ல் மரிக்கும் நாள் மட்டும், அது அவரிடம் இருந்தது. 1864-ல் வெளிவந்த நிலவறைக் குறிப்புகளில், விசுவாசமும் கிறிஸ்துவும் இன்றியமையாதவர் என்று காட்டிய பகுதியைத் தணிக்கையாளர் வெட்டிவிட்டு, தேவதூஷணமாக ஒலித்த பகுதிகளை விட்டுவைத்தனர் என்று அவரே தம் சகோதரருக்கு எழுதி நொந்துகொண்டார். 1866-ல் குற்றமும் தண்டனையும் தொடராக வந்தபோது, விலைமகளாகிய சோனியா கொலைகாரனுக்கு லாசருவின் வரலாற்றை வாசித்துக் காட்டும் அதிகாரத்தை மாற்றி எழுதுமாறு பத்திரிகையாசிரியர் வற்புறுத்தினார். பரிசேயனின் வீட்டில் இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெண்ணை நினைத்திருந்தால் அவ்வாசிரியர் அவ்வாறு அஞ்சியிருக்கமாட்டார்.

இவ்வாறு தன் நாட்டில் சந்தேகத்தோடு நோக்கப்பட்ட எழுத்து, சுவிட்சர்லாந்தின் இரண்டு கிராமப் போதகர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. சாபன்வில் ஊரில் கார்ல் பார்த்தும், அருகிலிருந்த லாய்ட்வில் ஊரில் எட்வர்ட் தூர்னைசனும் ஊழியம் செய்தனர். ஞாயிறுதோறும் என்ன பிரசங்கிப்பது என்று கலங்கிய அவ்விருவரும் டாஸ்டாயெவ்ஸ்கியைப் படித்தனர். தூர்னைசன் 1921-ல் அவரைப்பற்றி ஒரு சிறுநூலே வெளியிட்டார். 1922-ல் வந்த ரோமர் விளக்கவுரையின் இரண்டாம் பதிப்பில், அவரிடம் தாம் பட்ட கடனைப் பார்த் முன்னுரையிலேயே அறிக்கையிட்டார். மனிதனின் சமயம் அனைத்தையும் நியாயத்தீர்ப்பின்கீழ் வைக்கும் அப்பதிப்பின் குரலில் கரமசோவ் சகோதரர்களின் எதிரொலியைக் கேட்கலாம். நம் கல்லூரிகளில் பார்த்தைப் பயிலும் மாணவர் பலர் இதை அறியாமலே பட்டம் பெறுகின்றனர்.

ஆயினும் தூர்னைசனின் வாசிப்பு முழுமையானதன்று. 1878-ல் மூன்று வயதுகூட நிரம்பாத மகன் அலியோஷாவை இழந்த டாஸ்டாயெவ்ஸ்கி ஒப்தினா மடத்திற்குச் சென்று, அங்கிருந்த மூப்பர் அம்புரோசியுஸைக் கண்டு ஆறுதல் பெற்றார். (மேலே கூறிய துணைப்பேராயர் வேறு; இவர் வேறு.) பிள்ளையை இழந்த தாய் மூப்பர் சோசிமாவின்முன் அழும் காட்சி அத்துயரத்தில் பிறந்தது. துறவியரின் ஜெபத்திலும் ஆறுதலிலும் வேரூன்றிய இப்பகுதியைச் சுவிஸ் போதகர்கள் போதிய அளவு உணரவில்லை. மறுபுறத்தில், யூதரைப்பற்றி டாஸ்டாயெவ்ஸ்கி தம் எழுத்தாளர் நாட்குறிப்பில் எழுதியவை வெறுக்கத்தக்கவை. மேடையில் அவரை மேற்கோள் காட்டுவோர் இதை மறைக்கலாகாது.

டால்ஸ்டாயைப்பற்றி நம்மவர் நன்கறிவர். 1899-ல் வந்த புத்துயிர்ப்பு நாவலில் சிறைச்சாலைத் திருவிருந்தை அவர் ஏளனம் செய்தார். 1901-ல் புனித சினோடு அவரைச் சபைக்குப் புறம்பானவராக அறிவித்தது. காந்தியடிகள் 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர் பலரும் வாழ்ந்தனர். மலைப்பிரசங்கம் ஒரு ரஷ்யரின் வழியே அப்பண்ணைக்கு வந்து சேர்ந்தது.

இறையியல் மாணவர் செக்காவை மறப்பதே மிகுதி. அவர் சிறுவயதில் தந்தையின் கண்டிப்பால் ஆலயப் பாடகர் குழுவில் நின்றவர். பின்னர் விசுவாசத்தை விட்டவர். எனினும் 1894-ல் மாணவன் என்னும் சிறுகதையை எழுதினார். பெரிய வெள்ளியன்று குளிரில் வரும் ஓர் இறையியல் மாணவன், நெருப்பருகே இருக்கும் இரண்டு கைம்பெண்களுக்குப் பேதுரு மறுதலித்த வரலாற்றைக் கூறுகிறான், அவர்கள் கலங்குகின்றனர். நான்கைந்து பக்கங்களே. பிரசங்கம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நாம் படித்ததில்லை.

மீண்டும் இசைக்கு வருவோம். யூர்கென்சன் வென்றபின் பலர் துணிந்து திருச்சபைக்கு இசை எழுதினர். மாஸ்கோ சினோடு பாடசாலையில் ஸ்மோலென்ஸ்கி என்னும் அறிஞர் பழைய ஆராதனை இராகங்களை ஆராய்ந்து உயிர்ப்பித்தார். அவரிடம் பயின்ற ராக்மனினோவ், 1915-ல் முழு இரவு விழிப்பு ஆராதனையைப் பதினைந்து பகுதிகளாக அமைத்து, மறைந்த ஆசிரியருக்குக் காணிக்கையாக்கினார். தவறாது ஆலயம் செல்பவர் அல்லர் அவர். ஆயினும் இளமையில் நோவ்கொரோதில் பாட்டியோடு கேட்ட பாடலும் மணியோசையும் அவரை விடவில்லை. உலகப்போரின் நடுவே சினோடு பாடகர் குழு அதை அரங்கேற்றியது. சில ஆண்டுகளில் அப்பாடசாலை புரட்சி அரசால் மாற்றியமைக்கப்பட்டது. ராக்மனினோவ் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். 1940-ல் அமெரிக்காவில் எழுதிய கடைசிப் படைப்பாகிய சிம்பனி நடனங்களில், அவ்விழிப்பு ஆராதனையின் உயிர்த்தெழுதல் பாடல் இசைக்கருவிகளில் மீண்டும் ஒலிக்கின்றது. சுவடியில் அவ்விடத்தில் அவர் அல்லேலூயா என்று எழுதினார்.

அவ்வாராதனையின் ஐந்தாம் பகுதி சிமியோனின் பாடல். அதன் முடிவில் அடிக்குரல் படிப்படியாக, சாதாரணப் பாடகர் எட்டமுடியாத ஆழத்திற்கு இறங்குகின்றது. தம் அடக்கத்தில் அதுவே பாடப்படவேண்டும் என்று ராக்மனினோவ் விரும்பினார். அவர் 1943-ல் மரித்தார். ரஷ்யாவில் 1959 முதல் 1964 வரை குருஷ்சேவ் ஆட்சியில் ஆயிரக்கணக்கான ஆலயங்கள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டாகிய 1965-ல், மாஸ்கோவில் ஸ்வேஷ்னிகோவ் நடத்திய அரசுப் பாடகர் குழு விழிப்பு ஆராதனை முழுவதையும் இசைத்தட்டில் பதிவு செய்தது. கடவுள் இல்லை என்று போதித்த ஓர் அரசின் ஊதியம் பெற்ற பாடகர்கள், சிமியோனின் சொற்களைத் திருச்சபையின் பழைய ஸ்லாவிய மொழியிலேயே, ஒரு சொல்லும் மாற்றாமல் பாடினர்.