வினைக்குப் பின்னால் ஓர் இருக்கை

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட ஸ்வீடிஷ் இலக்கண நூல் எதைத் திறந்தாலும் ஓர் எச்சரிக்கை வந்துவிடும்: வினைமுற்று இரண்டாம் இடத்தைவிட்டு நகராது. ‘யாக் லேசெர் இதாக்’ என்றால் ‘நான் படிக்கிறேன் இன்று’. இன்று என்பதை முன்னால் கொண்டுவந்தால் ‘இதாக் லேசெர் யாக்’, அதாவது ‘இன்று படிக்கிறேன் நான்’. முதலிடத்துக்கு எது வந்தாலும் வினை அசையாது. எழுவாய்தான் எழுந்துபோய் அதன் பின்னால் உட்கார வேண்டும். கேள்வியிலோ வினை முதலிடத்துக்கே வந்துவிடும், அப்போதும் எழுவாய்க்கு அதன் பின்னிருக்கைதான். ‘இன்று நான்’ என்று தொடங்கிப் பழகிய ஆங்கில நாக்கு இங்கேதான் இடறும்.

வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் எனக்கு இந்த இரண்டு ஒழுங்குமே அயல்தான். என்னை நிறுத்தியது அந்தப் பின்னிருக்கை. ஸ்வீடிஷ் வினை பால் காட்டாது, இடம் காட்டாது. வந்தேன், வந்தாய், வந்தாள் எல்லாவற்றுக்கும் ஒரே ‘கொம்’. ஒருமை பன்மை வேறுபாடு மட்டும் எழுத்துமொழியில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது; 1940களில் செய்தித்தாள்கள் அதையும் கைவிட்டன. வினை எதையும் காட்டாததால் எழுவாயை விட்டுவிட்டுப் பேச வழியில்லை. நாம் ‘காப்பி வேணுமா?’ என்று கேட்டு, நீயா நீங்களா என்ற சங்கடத்திலிருந்து நழுவிவிடுவோம். ஸ்வீடனில் அந்த இருக்கையில் யாரையாவது உட்காரவைத்தே ஆகவேண்டும். எதிரே இருப்பவரை எந்தச் சொல்லாக உட்காரவைப்பது என்பதில்தான் ஒரு சமூகத்தின் படிநிலை முழுவதும் வந்து நின்றது.

நெருங்கியவர்களுக்கு ‘டூ’. (நம் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு விடுகிற ‘டூ’வுக்கு நேர் எதிரானது.) பன்மைக்கும் மரியாதைக்கும் ‘நீ’. நம் நீயோடு இதற்கு உறவில்லை, ஓசை ஒற்றுமை தற்செயல்தான். அது பிறந்த விதம் சொல்லொழுங்கோடு தொடர்புடையது. முன்னிலைப் பன்மைக்குப் பழைய சொல் ‘ஈ’; அதற்குரிய வினை ‘ன்’ என்று முடியும். வினை முன்னும் பெயர் பின்னுமாக வந்த வாக்கியங்களில் அந்த ‘ன்’ பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘நீ’ ஆயிற்று. பின்னிருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்தே உருவான சொல் என்று சொல்லலாம்.

ஆனால் ஃபிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் மரியாதைப் பன்மைக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. பட்டம் எதுவும் இல்லாதவர்களை அழைக்கிற சொல்லாக அது சரிந்துவிட்டது. பட்டம் உள்ளவரைப் பட்டத்தால்தான் விளிக்க வேண்டும், அதுவும் எதிரே இருப்பவரைப் படர்க்கையாக்கி: ‘டாக்டர் இன்னும் கொஞ்சம் காப்பி விரும்புகிறாரா?’

பட்டமோ பெரும்பாலும் ஆணிடம்தான் இருந்தது. பல்கலைக்கழகமும் அரசுப் பணியும் பெண்களுக்குத் தாமதமாகவும் துண்டுதுண்டாகவும் திறந்தன. ஆகவே மனைவியை அழைக்கக் கணவனின் பட்டத்தில் விகுதி ஒட்டினார்கள். பேராசிரியரின் மனைவி ‘ப்ரொஃபெசோர்ஸ்கா’, டாக்டரின் மனைவி ‘டாக்டரின்னா’, கர்னலின் மனைவி ‘ஒவெர்ஸ்டின்னா’. கணவனின் பட்டத்தோடு ‘ஃப்ரூ’வைச் சேர்ப்பது இன்னொரு வழி. மணமாகாதவள் பிரபு குலமானால் ‘ஃப்ரோக்கென்’, மற்றவள் ‘மாம்செல்’. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முன்னது மற்றப் பெண்களுக்கும் பரவியது. வாக்கியத்தின் நடுவே தனக்கென இருக்கிற ஒரே இடத்தில் அவள் யாரோ ஒருவரின் மகளாக அல்லது மனைவியாக உட்கார்ந்திருந்தாள்.

இதே விகுதிகளை வைத்துத்தான் வேலை பார்த்த பெண்களையும் குறித்தார்கள். செல்மா லாகர்லோஃப் பத்தாண்டு ‘லேராரின்னா’, அதாவது ஆசிரியை. பிறகு ‘ஃபொர்ஃபத்தாரின்னா’, பெண் எழுத்தாளர். (நம்மூர் மேடைகளில் ‘கவிதாயினி’ என்று அழைக்கப்பட்டு நெளிந்தவர்களுக்கு இந்த ‘இன்னா’வின் உரசல் புரியும்.) மணம் செய்துகொள்ளாத அவருக்கு உப்சாலா பல்கலைக்கழகம் 1907இல் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. பிறகு அவரை டாக்டர் லாகர்லோஃப் என்று அழைக்க முடிந்தது. பெண் பெயரோடு வந்த அந்தப் பட்டம், யாருக்கும் மனைவியாகாமலே, அவருடையது. 1909இல் நோபல் பரிசு. 1914இல் ஸ்வீடிஷ் அகாதெமியின் முதல் பெண் உறுப்பினர். அகாதெமி தொடங்கியதோ 1786இல்.

1921 அங்கே ஒரு மைல்கல். மணமான பெண் கணவனின் சட்டப் பாதுகாப்பிலிருந்து விடுபட்டு முழு உரிமையுள்ளவள் ஆனாள். அதே ஆண்டுத் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார்கள், ஐந்து பெண்கள் உள்ளே போனார்கள். சட்டம் அவளைத் தனி ஆளாக்கிய பிறகும் காப்பி மேசையில் அவள் டாக்டரின்னாவாகவே நீடித்தாள். சட்டத்தைவிட வாக்கியம் பிடிவாதமானது.

யாருக்கு எந்தப் பட்டம் என்று தெரியாத இடங்களில் மக்கள் இலக்கணத்தைக் கொண்டே தப்பித்தார்கள். கடைக்காரர் ‘என்ன விரும்பப்படுகிறது?’ என்று செயப்பாட்டுவினையில் கேட்டார். ‘காப்பியாக இருக்கலாமா?’ என்றும் கேட்கலாம்; அங்கே பின்னிருக்கையில் ‘அது’ உட்கார்ந்துகொள்ளும். ஒரு மொழி இப்படிக் குனிந்து வளைந்து நடப்பதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, அலுப்பாகவும் இருக்கிறது.

1960களில் இது சரிந்தது. 1967இல் அரசு மருத்துவத் துறையின் தலைவராகப் பதவியேற்ற ப்ரூர் ரெக்செட், இனி எல்லோரையும் டூ என்றுதான் அழைப்பேன் என்று அலுவலர்களிடம் அறிவித்தார். மாற்றம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அவர் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளில் அமைச்சரும் டூ, துப்புரவுப் பணியாளரும் டூ. அலுவலகச் சமத்துவம் என்ற பேச்சோடு வந்த மாற்றம் இது, பெண்ணுரிமை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஆணுக்குப் போனது தன் பட்டம். அவன் மனைவிக்குப் போனது அவன் பட்டம். இரண்டும் ஒரே இழப்பு அல்ல என்றே நினைக்கிறேன்.

முன்னிலை தீர்ந்தது, படர்க்கை மிச்சமிருந்தது. பழைய ஸ்வீடிஷில் பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், அஃறிணை என மூன்று பால். பொதுமொழியில் முதலிரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. கலந்த பிறகும் ‘ஹுன்’, அதாவது அவள், எதிர்பாராத இரண்டு இடங்களில் தங்கிவிட்டாள். மணி என்ன என்று கேட்டால் ‘அவள் மூன்று’ என்று சொல்வதுண்டு. ‘மனிதர்’ என்ற பொதுச்சொல்லைச் சுட்டுவதற்கும் மரபு ‘அவள்’ என்பதே. மனித குலத்தை ‘அவன்’ என்று எழுதும் தத்துவ நூல்களைப் படித்து வளர்ந்த எனக்கு இந்த இலக்கண விபத்து கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

பால் சுட்டாத ‘ஹென்’ 1966இலேயே ஒரு செய்தித்தாளில் முன்மொழியப்பட்டது. அண்டை மொழியான ஃபின்னிஷில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான் என்பதும் நினைவில் இருந்தது. 2012இல் ஒரு குழந்தைகள் கதை நூல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. 2015 ஏப்ரலில் அகாதெமியின் சொற்பட்டியல் அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில்தான் சாரா டானியுஸ் அகாதெமியின் முதல் பெண் நிரந்தரச் செயலாளர் ஆனார். ஹன், ஹுன், ஹென் மூன்றும் அதே பின்னிருக்கையில் பொருந்துகின்றன; ஒழுங்கு ஒரு சொல்கூட மாறவில்லை.

1980களிலிருந்து கடைகளில் ஒரு பழைய ஓசை திரும்பியது. இளம் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களை, மரியாதை என்று எண்ணி, ‘நீ’ என்றார்கள். முதியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பட்டமில்லாதவர்களுக்கான சொல் அது என்பது அவர்கள் காதில் இன்னும் இருந்தது.