கற்பூரமும் பனிக்கட்டியும்: சேர்வராயன் மலைக் காற்றை முன்னிட்டு ஒரு விசாரணை

திடப்பொருள் திரவமாகாமலே ஆவியாகிவிடும் பதங்கமாதல் என்னும் நிகழ்ச்சிக்கு நம் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையுமே உதாரணமாகக் காட்டி வந்திருப்பதால், அது ஒரு சில பொருள்களுக்கு மட்டும் பிறவியிலேயே வாய்த்த குணம் என்றும், பனிக்கட்டியோ உருகி நீரான பின்னரே ஆவியாகும் என்றும் ஓர் அபிப்பிராயம் கற்றவர்களிடையேகூட வேரூன்றிவிட்டது. கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 20 டிகிரி உஷ்ணத்தில் கற்பூரத்தின் ஆவியழுத்தம், பாதரச அளவில், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், பூஜ்யத்துக்கும் 10 டிகிரி கீழே இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியின் ஆவியழுத்தமோ 1.95 மில்லிமீட்டர். அதாவது, ஆவியாகப் புறப்படும் நாட்டத்தில் கற்பூரத்தைவிடப் பனிக்கட்டி ஏறக்குறைய பத்து மடங்கு மேம்பட்டது.

அங்ஙனமாயின், தட்டில் வைத்த கற்பூரம் சுவடின்றி மறைவதும், நாம் காணும் பனிக்கட்டியெல்லாம் உருகி ஓடுவதும் எதனால்? விடை பொருளில் இல்லை; சுற்றியுள்ள காற்றில் இருக்கிறது. எந்த ஊர்க் காற்றிலும் கற்பூர ஆவி முன்கூட்டியே குடியிருப்பதில்லை. ஆகவே புறப்பட்ட கற்பூரம் திரும்பி வருவதில்லை. நீராவியோ காற்றில் எப்போதும் இருந்துகொண்டே இருப்பது. பனிக்கட்டியை விட்டு வெளியேறும் ஆவிக்கும் காற்றிலிருந்து வந்து அதன்மேல் படியும் ஆவிக்கும் உள்ள வித்தியாசமே பதங்கமாதலின் உண்மை அளவு. ஆதலின் அதை நிர்ணயிப்பது குளிரைக் காட்டிலும் காற்றின் வறட்சியே என்பது என் துணிபு. இதைச் சோதிக்கப் பனியே உறையாத ஒரு மலையை எடுத்துக்கொள்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் எதிர்மறை உதாரணம் பல வேளைகளில் நேர் உதாரணத்தைவிடத் தெளிவாகப் பேசும்.

சேலத்துக்கு வடகிழக்கே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. தலைச்சோலை முதலிய மலையூர்களிலும் காப்பித் தோட்டங்களிலும் மார்கழி விடியலில் வந்து கவியும் மூடுபனி, மலையைத் தொட்டுச் செல்லும் மேகமே. அது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமேயன்றி உறைந்த பனி அன்று. அம்மூடுபனியில் காற்று 15 டிகிரியில் ஈரத்தால் நிரம்பி நிற்கிறதென்று கொள்வோம். அப்போது அதிலுள்ள நீராவியின் அழுத்தம் 12.8 மில்லிமீட்டர். ஏரிக்கரைக் கடையொன்றில் சாக்கைப் பிரித்து ஒரு பனிக்கட்டிப் பாளத்தை வெளியே வைத்தால், உருகத் தொடங்கிய அதன் முகத்தில் ஆவியழுத்தம் 4.58 மில்லிமீட்டர்தான். மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு ஆவி பாய்வது நியதி. ஆகவே பாளத்திலிருந்து காற்றுக்குச் செல்வதற்குப் பதிலாக, காற்றிலிருந்து பாளத்துக்கே நீராவி வந்து சேருகிறது. அவ்வாறு வந்து நீராகும் ஒவ்வொரு கிராம் ஆவியும் ஏறத்தாழ 597 கலோரி உஷ்ணத்தை அங்கே விட்டுவிடுகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி போதும். எனவே வந்து படியும் ஒரு கிராம் ஈரம் ஏழரை கிராம் பனிக்கட்டியைக் கரைத்துவிட்டுத்தான் ஓய்கிறது!

அப்பாளத்தின்மேல் வெண்புகை தவழ்ந்து ஓரங்களில் வழிந்து இறங்குவதைக் கண்டு, பனிக்கட்டி நேரே ஆவியாவதற்கு இதைவிடப் பிரத்தியட்ச நிரூபணம் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நீராவி கண்ணுக்குப் புலனாகாத பொருள்; புலனாவது துளிகளே. பாளத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, தன்னிடமிருந்த ஈரத்தையே துளிகளாக உதிர்க்கிறது; குளிர்ந்த காற்று கனமானதாகையால் அப்புகை மேலே எழாமல் கீழே வழிகிறது. ஆகவே பதங்கமாதலுக்குச் சாட்சியாக அழைத்து வரப்பட்ட அவ்வெண்புகை, உண்மையில் எதிர்த்தரப்புச் சாட்சியே ஆகும்.

உதகமண்டலத்தின் உறைபனியைச் சுட்டி இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்விடங்களில், மேகமற்ற குளிர்கால இரவுகளில் புல்தரை தன் உஷ்ணத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழந்து பூஜ்யத்துக்குக் கீழே செல்ல, அதன்மேல் வெண்பனி படிவதும், தேயிலைக் கொழுந்து கருகிப்போவதும், நாற்றுகளை மிலார் கொண்டு மூடிக் காப்பதும் நாம் அறிந்தவை. அப்படிவில் ஒரு பகுதி முதலில் பனிநீராக இறங்கிப் பின்பு உறைந்தது. மற்றொரு பகுதி, ஆவி நீராகாமலே புல்நுனியில் ஊசி ஊசியாகப் படிகமானது, அதாவது பதங்கமாதலின் மறுதலை. ஆனால் காலையில் அது மறையும் விதம் வேறு. வெயில் பட்ட பக்கத்து ஊசிகள் மழுங்கி, ஒவ்வொன்றும் ஒரு துளியாகத் திரண்டு, இலைநரம்பு வழியே இறங்குகின்றன. மரநிழல் விழுந்த பாத்தியோ நிழலின் உருவம் மாறாமல் வெள்ளையாகவே கிடக்கிறது. நடப்பவரின் கால் நனைகிறது. நேரே ஆவியாகியிருந்தால் புல் உலர்ந்தல்லவோ இருக்க வேண்டும்? ஒரு கிராம் பனி உருக 80 கலோரி, பதங்கமாக 677 கலோரி. பனி படியும் அளவுக்கு ஈரம் பொருந்திய காற்றில், எளிய வழி திறந்திருக்க அரிய வழியை வெயில் நாடுவதில்லை. கீழ்த்திசை வறட்காற்று வீசும் நாள்களில் சிறு பகுதி ஆவியாகவே போகக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை.

பௌதிக நூல்களில் நீரின் மூன்று நிலைகளையும் அழுத்தத்தோடும் உஷ்ணத்தோடும் பொருத்திக் காட்டும் படத்தை மேலோட்டமாகக் கண்டவர்கள் கூறும் வேறொரு தடையை விரைவில் கடந்துவிடலாம். 4.58 மில்லிமீட்டருக்குக் கீழான அழுத்தத்தில்தான் பதங்கமாதல் நிகழும், நம் வாயுமண்டலமோ 760 மில்லிமீட்டர் அழுத்தமுடையது என்பார்கள். அப்படம் நீர் என்ற ஒரே பொருள் தனித்திருக்கும் நிலைக்கு உரியது. காற்று கலந்த இடத்தில் நீராவியின் பங்கழுத்தம் மட்டுமே கணக்கு. குளிர்பதனப் பெட்டியில் பல வாரம் கிடந்த பனிக்கட்டி முழு வாயுமண்டல அழுத்தத்திலேயே சிறுத்துப் போகிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொணர்ந்த காப்பியால் பெயர்பெற்ற மலையைப் பற்றிப் பேசுகையில் இதையும் குறிப்பிடலாம்: காப்பிச் சாற்றை உறையவைத்து உலர்த்தும் ஆலைகளில் காற்றை வெளியேற்றுவது, ஆவி விரைந்து வெளியேற வழி செய்வதற்கே.

ஆயினும் சேர்வராயன் மலைக்கும் பதங்கமாதலுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிட முடியாது. இந்நாட்டு வானில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் நிற்பவருக்குத் தலைக்கு மேலே மூன்றரைக் கிலோமீட்டர். அதற்கும் வெகு உயரத்தில் மாசி பங்குனி மாலைகளில் தோன்றும் கீற்று மேகங்கள் முற்றிலும் பனிப்படிகங்களே. அக்கீற்றுகளின் வால்போல் வளைந்து தொங்குபவை, கீழே விழத் தொடங்கிய படிகங்கள். அடியிலுள்ள வறண்ட காற்றில் அவை துளி நீராகாமலே மறைந்துபோவதால், வால் நுனி நடுவானிலேயே தேய்ந்து முடிகிறது. மழை மேகத்தினுள்ளோ கதை தலைகீழாகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியிலும் உறையாத நீர்த்துளியின் ஆவியழுத்தம் 2.15 மில்லிமீட்டர், பனிப்படிகத்தினுடையது 1.95, இச்சிறு வித்தியாசத்தால் துளிகள் வற்றப் படிகங்கள் பருக்கின்றன. வெகெனர் 1911-இல் சுட்டியதும் பின்னர் பெர்கெரான் மழைக்கொள்கையாக விரித்ததும் இதுவே.

பதங்கமாதல் தரையிலேயே அரசாள்வதைக் காண வறண்ட உயர்மலைகளுக்குச் செல்லவேண்டும். ஆண்டீஸ் மலையில் 1835-இல் டார்வின் கண்டு எழுதிய பனிக் கூம்புகளில் ஒரு கை நீளத்துக்குள்ளேயே இரண்டு விதிகள் செயற்படுகின்றன: வறட்காற்றில் நீட்டிய முனை ஆவியாகி, அதனாலேயே குளிர்ந்து, உருகாமல் நிற்கிறது, ஈரம் தேங்கிய குழி உருகி ஆழமாகிறது. நம் நாட்டிலேயே, லாஹௌல் பகுதியில் சோட்டா ஷிக்ரி பனியாற்றின் ஓரத்தில் 4,863 மீட்டர் உயரத்தில் பதினோராண்டுக் காலம் திரட்டிய அளவைகளின்படி, குளிர்காலத்தில் விழும் பனியில் 16 முதல் 42 விழுக்காடு வரை நேரே ஆவியாகிவிடுகிறது. வறண்ட காற்று வேகமாக வீசி, பனியின் முகத்தில் தேங்கும் ஈரப்படலத்தை இடைவிடாமல் துடைத்துக்கொண்டிருப்பதே இதற்கு முக்கிய ஹேது. இப்பனியாற்றின் நீர் சந்திரா நதியில் சேருகிறது; ஆகவே உஷ்ணமானியின் அளவை மட்டும் கொண்டு உருகுநீரைக் கணிக்கும் சூத்திரங்கள், வானத்துக்குத் திரும்பிவிட்ட பனியையும் ஆற்றின் வரவில் எழுதிவிடக்கூடும்; காற்றின் வேகத்தையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகள் உஷ்ணமானியின் பக்கத்திலேயே நிறுவப்பட வேண்டுவது அதனால்தான்.