ஐந்து மில்லிமீட்டர்

போன வருடம் நண்பன் ஒருவன் தன் ஒன்பது வயது மகளின் எம்.ஆர்.ஐ. அறிக்கையை வாட்ஸப்பில் அனுப்பினான். ஒரு காது மந்தமாகக் கேட்கிறது என்று எடுத்த படம். காதில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனால் கடைசி வரியில், சிறுமூளையின் அடிநுனி 7 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது, கியாரி முதல் வகை என்று போட்டிருந்தது. "ஏழுன்னா ஜாஸ்தியாடா? ஆபரேஷன் பண்ணணுமா?" என்று கேட்டான். எனக்கு மருத்துவம் தெரியாது. மென்பொருள்காரனுக்கு ஒரு எண்ணைக் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்றுதான் தோண்டத் தோன்றும்.

ஹான்ஸ் கியாரி ப்ராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பிணக்கூறாய்வு செய்தவர். மண்டையோட்டின் அடித்துளை வழியே சிறுமூளை கழுத்துக்குள் சரிந்திருப்பதைச் சில உடல்களில் கண்டு, 1891இல் அதை வகை பிரித்து எழுதினார். முதல் வகைக்கு அவர் காட்டிய உதாரணம் டைஃபாய்டில் இறந்த 17 வயதுப் பெண். அந்தச் சரிவால் அவள் எந்தத் தொந்தரவும் பட்டதாகக் குறிப்பில்லை. இந்த நோயின் வரலாறு நோயில்லாத ஒருத்தியிடம்தான் தொடங்குகிறது. (1907இல் ஆர்னால்டின் மாணவர்கள் தங்கள் ஆசிரியரின் பெயரை முன்னால் சேர்த்து 'ஆர்னால்டு-கியாரி' ஆக்கினார்கள். விசுவாசம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.)

அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, கைகால் மரத்து, நடை தடுமாறி வந்தவர்களிடம்தான் இதைத் தேடினார்கள். 1980களில் எம்.ஆர்.ஐ. வந்ததும் நிலைமை மாறியது. அடித்துளையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே எவ்வளவு என்று அளந்தார்கள். 1985இல் ஓர் ஆய்வு 3 மி.மீ. வரை இயல்பு, 5க்கு மேல் நோய் என்றது. அந்த 5 அப்படியே நிலைத்துவிட்டது.

சிக்கலும் அங்கேதான். 2000இல் வெளியான ஆய்வில் 22,591 பேரின் படங்களைப் பார்த்தார்கள். 5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்த 175 பேரில் 25 பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 2011இல் மிச்சிகனில் படமெடுத்த 14,116 சிறார்களில் 509 பேருக்குக் கியாரி இருந்தது. இவர்கள் ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகள், ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அல்ல. இருந்தாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

மறுமுனையிலும் கோடு பிசகியது. 1998இல் அலபாமா மருத்துவர்கள் 5 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தண்டுவடத்துக்குள் நீர்ப்பை, ஆனால் சிறுமூளை இறங்கவே இல்லை. கியாரிக்குச் செய்யும் அதே அறுவையைச் செய்ததும் தேறினார்கள்.

அப்படியானால் அளக்க வேண்டியது எதை? 1994இல் ஓல்ட்ஃபீல்டின் குழு இதயத்துடிப்போடு ஒத்திசைத்து அசையும் எம்.ஆர்.ஐ. எடுத்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் சிறுமூளையின் நுனி பிஸ்டன் மாதிரி இறங்கித் துளையை அடைக்கிறது. போகவர வழியில்லாத மூளைத் திரவம் தண்டுவடத்தை அழுத்துகிறது. ஆக, பிரச்சினை நீளத்தில் இல்லை, ஓட்டத்தில். அறுவையும் இடம் பண்ணித் தருவதுதான்: பின்மண்டை எலும்பிலும் முதல் கழுத்தெலும்பின் வளைவிலும் கொஞ்சம் எடுப்பார்கள். மூளையுறையையும் திறந்து ஒட்டுப் போட்டால் மறு அறுவை குறைகிறது, ஆனால் திரவக் கசிவும் தொற்றும் கூடுகின்றன. குழந்தைகளில் எதைச் செய்வது என்று நிபுணர்களே வெகுகாலம் வாதாடியிருக்கிறார்கள். இருமும்போது வரும் பின்னந்தலை வலி பெரும்பாலும் குறைகிறது. மற்ற தலைவலிகளுக்கு அந்த உறுதி இல்லை. எத்தனை மி.மீ. என்பதை மட்டும் வைத்துப் பலனைக் கணிக்க முடிவதில்லை.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக. முதுகுக்கும் படம் எடுத்தார்கள், நீர்ப்பை இல்லை. டாக்டர் அந்த 7ஐப் பற்றி அதிகம் பேசவில்லையாம். "இருமினா, சிரிச்சா பின்னாடி தலை வலிக்குமா பாப்பா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவள் அங்கேயே நாலு தரம் இருமிப் பார்த்துவிட்டு, "இல்லையே" என்றாளாம். அடுத்த படம் ஒரு வருடம் கழித்து.