‘என்கவுன்ட்டர்’: சொல்லின் பொருளும் பயன்பாடும்

காவல்துறையினரின் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் உயிரிழப்பதைக் குறிக்க, இந்திய ஊடகங்களிலும் பேச்சு வழக்கிலும் ‘என்கவுன்ட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் பயன்படுத்தப்படுகிறது. எதிர்பாராத சந்திப்பு, மோதல் ஆகியவையே ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொதுவான பொருள்கள். காவல்துறையினரால் கொல்லப்படுதல் என்பது தெற்காசிய ஆங்கிலத்தில் ஏற்பட்ட பொருளாகும்.

‘மோதல்’ என்றால் இரு தரப்பினரும் தாக்கிக்கொண்டனர் என்றாகிறது. இதனால், தற்காப்புக்காகவே சுட்டதாகக் காவல்துறை அளிக்கும் விளக்கம் அச்சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. அவ்விளக்கம் பொய்யெனக் கருதப்படும் நிகழ்வுகள் ‘போலி மோதல்’ எனப்படுகின்றன.

பேச்சு வழக்கில் ‘என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார்’ என்பது ‘என்கவுன்ட்டர் செய்யப்பட்டார்’ என மாறியுள்ளது. முதல் தொடரில் மோதிக்கொண்ட இருவர் உள்ளனர். இரண்டாவதில் சுட்டவரும் சுடப்பட்டவரும் மட்டுமே உள்ளனர். ‘என்கவுன்ட்டர் செய்ய வேண்டும்’ என்ற கோரிக்கையில் தற்காப்பு என்பதற்கே இடமில்லை.

என்கவுன்ட்டர் செய்யும் அதிகாரம் எதையும் இந்தியச் சட்டம் காவல்துறைக்கு வழங்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் கூறும் தற்காப்பு உரிமை அனைவருக்கும் பொதுவானது.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில், 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தல், சிஐடி அல்லது வேறு காவல் நிலையக் குழுவின் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை ஆகியவை அவற்றுள் அடங்கும். நிகழ்வு முடிந்தவுடன் தொடர்புடைய காவலர்களுக்கு முறை கடந்த பதவி உயர்வோ வீரதீர விருதோ வழங்கக் கூடாது என்றும் அந்நெறிமுறைகள் கூறுகின்றன.

ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில் கைதான நால்வர், 2019 டிசம்பர் 6-ஆம் தேதி காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கிகளைப் பறித்துத் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. பொதுமக்களில் ஒரு பகுதியினர் காவலர்கள் மீது மலர் தூவினர். உச்ச நீதிமன்றம் நியமித்த வி.எஸ்.சிர்புர்கர் ஆணையம், காவல்துறையின் கூற்று நம்பத்தக்கதல்ல என்றும், கொல்லும் நோக்குடனே அவர்கள் சுடப்பட்டனர் என்றும் முடிவுக்கு வந்தது. 2022 மே மாதம் அந்த அறிக்கை வெளியாகும் முன்பே, அந்நிகழ்வுக்கு ‘என்கவுன்ட்டர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

விசாரணை முடியும் வரை, ‘காவல்துறையினர் சுட்டதில் உயிரிழந்தார்’ என்ற தொடரே உறுதியாகத் தெரிந்ததை மட்டும் கூறுவதாகும். ‘மோதல்’ நிகழ்ந்தது என்பது, அதுவரை காவல்துறையின் கூற்று மட்டுமே.